ஷூவைக் கழற்றாத ரெம்ஸி

இஸ்தான்புல்லில் ஷூவைக் கழற்றாமல் ஒரு வீட்டுக்குள் நுழைகிறவர்கள் போலீஸ்காரரும் ஆம்புலன்ஸ்காரரும்தான். ரெம்ஸி இரண்டும் இல்லை. அதனால் அவன் யார் வீட்டுக்குள்ளும் நுழைவதில்லை. என் சமையலறைக்குப் பல வருஷமாக வந்து போகிறான். ஒரு நாள்கூட நிலைப்படியைத் தாண்டியதில்லை. டீயை வாசலில் நின்றே குடிப்பான். சூப்பையும் நின்றே குடிப்பான். நோன்புக் காலத்தில் பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தை மாடிப்படியில் நின்றபடிதான் வாயில் போட்டுக்கொள்வான்.

"உள்ள வந்து உக்காருடா. காலா ஒடிஞ்சிடும்?" என்று கத்துவேன்.

"அவசரம் அக்கா, வண்டியை ரோட்டுல நிறுத்திட்டு வந்திருக்கேன்" என்பான். வண்டி ஒழுங்காக அதன் இடத்தில்தான் நிற்கும்.

என் பெயர் ஹாஜெர். எலும்பு மருத்துவமனை ஒன்றின் பின்தெருவில், அதன் நோயாளிகள் தங்குகிற குடியிருப்பைப் பார்த்துக்கொள்கிறேன். சமைப்பது, பெருக்குவது, திட்டுவது எல்லாம் நான்தான். நோயாளி என்று பேருக்குத்தான் சொல்கிறேன். வருகிறவர்களுக்கு ஒரு நோயும் கிடையாது. உயரம் போதவில்லை, அவ்வளவுதான். உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் நல்ல கால்களோடு நடந்து வருவார்கள். டாக்டர் இரண்டு தொடை எலும்பையும் அறுத்து, உள்ளே கம்பி செருகி, வெளியே வளையம் மாட்டி என்னிடம் அனுப்புவார். அதன் பிறகு தினமும் திருகாணியைத் திருக வேண்டும். எலும்பு நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் விலகும். அந்த இடைவெளியில் புது எலும்பு வளரும். எலும்பு சொன்னபடி கேட்கும். சதையும் நரம்பும்தான் கூட வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும். மீசை வைத்த ஆண்கள் அம்மாவைக் கூப்பிட்டு அழுவதை நான் பார்த்த அளவுக்கு, பெண்கள் அழுவதை எந்தப் பிரசவ ஆஸ்பத்திரித் தாதியும் பார்த்திருக்க மாட்டாள்.

இதையெல்லாம் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காரணம் என் உயரம். நான் நின்றால் கதவு நிலை தலையில் இடிக்கும். பள்ளிக்கூடத்தில் என் பெயரே மின்கம்பம். பெண் பார்க்க வந்தவர்கள் நான் டீத்தட்டோடு உள்ளே நுழைந்ததும் நாற்காலியைச் சரி செய்வதுபோல எழுந்து, அப்படியே போய்விட்டார்கள். கடைசியில் ஹிக்மெத் வந்தார். எங்கள் கல்யாணப் படத்தில் நான் உட்கார்ந்திருப்பேன், அவர் பக்கத்தில் நிற்பார். அப்படியும் எங்கள் தலைகள் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில்தான் இருக்கும். வெட்டிக் கொடுக்க முடிந்திருந்தால் நான்கு விரல் உயரத்தை என்றைக்கோ யாருக்காவது கொடுத்துத் தொலைத்திருப்பேன்.

ரெம்ஸி அந்த மருத்துவமனையின் டிரைவர். விமான நிலையத்திலிருந்து ஆட்களை ஏற்றி வருவான். அறுவை முடிந்ததும் அவர்களைத் தூக்கி வருவான். நிஜமாகவே தூக்கித்தான். நோயாளிகளின் அறைகள் ஆஸ்பத்திரிக் கணக்கு; ஷூமேல் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு அங்கே போகலாம். எங்கள் கட்டடத்து லிஃப்ட்டில் கால் நீட்டிய சக்கர நாற்காலி நுழையாது. வாரம் ஒருமுறை எக்ஸ்ரே எடுக்க ஒவ்வொருவரையும் கைகளில் ஏந்தி, படியிறங்கி, வண்டியில் கிடத்தி, திரும்பவும் ஏற்ற வேண்டும். அகன்ற தோள், தடித்த கழுத்து, முதுகு எப்போதும் நிமிர்ந்திருக்கும். இடித்துக்கொள்ளாமல் தூக்குவதில் அவனை மிஞ்ச ஆள் இல்லை. அவன் விடுப்பில் இருந்தால் நோயாளிகள் எக்ஸ்ரேயையே தள்ளிப்போடுவார்கள்.

ஒரு பனிக்காலத்தில்தான் அவன் ரகசியம் எனக்குத் தெரிந்தது. ஈரப் படியில் சறுக்கி விழுந்தான். ஒரு ஷூ கழன்று போனது. அதற்குள்ளிருந்து ஆப்பு மாதிரிச் செதுக்கிய கார்க் கட்டை ஒன்று படிப்படியாக உருண்டு என் காலடியில் வந்து நின்றது. அவன் எழுந்து நின்றபோது ஒரு பக்கம் சாய்ந்து நின்றான். ஷூ இருந்த கால் அவ்வளவு உயரம்.

"பாத்துட்டீங்களா அக்கா?"

"பாத்துட்டேன். சூப்பு ஆறுது, குடி."

அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. நான் வாயை மூடிக்கொண்டது எனக்கே ஆச்சரியம். உள்ளே அந்தக் கட்டை, வெளியே தடித்த குதிகால். இரண்டையும் எடுத்துவிட்டால் ரெம்ஸி நான்கு விரல் இறங்கிவிடுவான். காரணத்தைப் பின்னால் அவனே சொன்னான். பட்டாளத்துக்கு உயரம் அளந்தபோது யாரோ ஒரு சார்ஜென்ட் எண்ணைப் படித்துவிட்டு, "மீதியை எங்கடா விட்டுட்டு வந்தே?" என்று கேட்டிருக்கிறான். கூடம் முழுக்கச் சிரித்ததாம். அந்தச் சிரிப்பு அவன் காதில் இன்னும் ஓயவில்லை. அதற்குப் பிறகு கடல் குளியலுக்குப் போனதில்லை, பள்ளிவாசலுக்குப் போவதையும் நிறுத்திக்கொண்டான். அங்கேயும் ஷூவைக் கழற்ற வேண்டுமே.

இப்படிப்பட்டவன் காதலிக்காமல் இருந்திருக்கலாம். நோயாளிகளுக்கு ரத்தம் கட்டாமலிருக்க ஊசி வாங்கப் போன மருந்துக்கடையில் நெஸ்ரினைப் பார்த்தான். கடையில் வேலை செய்கிறவள். அமைதியான பெண், ஆனால் கண் எதையும் தவறவிடாது. தினமும் ஊசி வாங்க ஆரம்பித்தான். என் அலமாரியில் ஊசி நிரம்பி வழிந்தது. அப்புறம் இரண்டு வருஷம் இருவரும் சுற்றினார்கள். எல்லாம் வெளியில்தான்: படகில், கடற்கரை டீத்தோட்டத்தில், பூங்காவில். ஷூவோடு அவனும் அவளும் சம உயரம். ஒரே இடத்தில் உட்கார அவனால் முடியாது என்று அவள் சிரித்துக்கொண்டே சொல்வாளாம். பத்து நிமிஷம் உட்கார்ந்தால் எழுந்து நடக்கத் தொடங்கிவிடுவான். உட்கார்ந்தால் கட்டை நழுவிக் குத்துகிறது என்று எப்படிச் சொல்வான்?

போன பனிக்காலத்தின் முடிவில், நெஸ்ரினின் அப்பா ருஸ்தெம் மாமா வாய் திறந்தார். படகுத் துறையில் கயிறு வீசிக் கட்டுகிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேச்சிலும் அதே வேகம். "தெருத்தெருவா நடந்தது போதும். வீட்டுக்கு வந்து முறையா பொண்ணு கேக்கச் சொல்லு" என்று மகளிடம் சொல்லிவிட்டார்.

அன்றைக்கு ரெம்ஸி என் வாசலில் நின்ற நிலை எனக்கு நினைவிருக்கிறது. ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறிக்கொண்டே இருந்தான்.

"வீட்டுக்கு வரச் சொல்றாங்க அக்கா."

"நல்ல விஷயம்தானே. மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"வீட்டுக்கு அக்கா. வீட்டுக்கு!"

புரிந்தது. வாசல், ஷூ ரேக், விருந்தாளிக்கு வைத்திருக்கும் செருப்பு. கதவுக்கு வெளியே ஒரு மாப்பிள்ளை நிற்பான், கதவுக்கு உள்ளே இன்னொருவன் வருவான்.

"நான் பேராசிரியர்கிட்ட பேசிட்டேன்" என்றான். மருத்துவமனையின் பெரிய டாக்டரை அங்கே எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். "எனக்கு இலவசமா பண்ணித் தரேன்னுட்டாரு. நம்ம ஆளே பண்ணிக்கிட்டான்னு விளம்பரத்துல போடுவாங்களாம். அடுத்த புதன்கிழமை."

கையிலிருந்த கரண்டியை நான் வைத்த வேகத்தில் பருப்பு தெறித்தது. "உனக்குப் பைத்தியமா? பிராட்லியைத் தினமும் தூக்கிட்டுப் போறது யாரு? நானா?"

பிராட்லி மூன்றாம் அறை அமெரிக்கக்காரர். அந்த வாரம்தான் அவர் தொடை வேலை முடியும் கட்டத்துக்கு வந்திருந்தது. கழிவறைக்குப் போகவே இருவர் வேண்டும். அப்படியும், அடுத்த வருஷம் முழங்காலுக்குக் கீழேயும் செய்துகொள்ளலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். புது உயரத்தில் அவர் இன்னும் ஒரு நாள் முழுசாக நடந்துகூடப் பார்க்கவில்லை.

"வலி தெரியும் அக்கா. என்னைவிட யாருக்குத் தெரியும்? வலியப் பத்தி யார் கவலைப்பட்டா? நெஸ்ரின்கிட்ட ஜெர்மனியில சித்தப்பா கடைக்கு வேலைக்குப் போறேன்னு சொல்லிடுவேன். ஆறேழு மாசம். திரும்பி வந்து நேரா அவங்க வீட்டுக்குப் போய், வாசல்ல ஷூவைக் கழட்டிட்டு, சாதாரணமா உள்ள போவேன்."

"போனா அவ என்ன சொல்லுவா?"

"ஒண்ணும் சொல்லமாட்டா. அவளுக்கு வித்தியாசமே தெரியாது. அவ பாத்த உயரம்தானே இருப்பேன்."

மற்றவர்கள் எலும்பை உடைத்துக்கொள்வது நாலு பேர் பார்த்து வியக்க. இவன் யாருமே கவனிக்கக் கூடாது என்பதற்காக உடைத்துக்கொள்ளப் போகிறான். அவ்வளவு ரத்தம், அவ்வளவு அழுகை, ஒரு வாசலில் குனிந்து ஷூ நாடாவை அவிழ்க்க. கோபத்தில் என்னென்னவோ சொன்னேன். அவன் படியிலேயே மேலும் கீழும் நடந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டான்.

ருஸ்தெம் மாமா காத்திருக்கத் தயாராக இல்லை. நோன்பு தொடங்கப் போகிறது; நோன்பு முடிந்தாலோ இரண்டு பெருநாளுக்கு நடுவில் நல்ல காரியம் பேசக் கூடாது என்பது அவர் பிடிவாதம். "இந்த ஞாயித்துக்கிழமை வந்தா வரட்டும். இல்லேன்னா என் அக்கா மகன் ஒருத்தன் கேட்டுக்கிட்டே இருக்கான்" என்று சொல்லி அனுப்பினார். புதன்கிழமைக்கு முன்னால் ஞாயிறு வந்துவிட்டது.

ரெம்ஸிக்கு அம்மா இல்லை. அப்பா தொலைவில், ஊரில், படுக்கையில். ஆகவே பெரியவர்களாக நானும் ஹிக்மெத்தும் போவதென்று முடிவானது. நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன்: "சாக்ஸோட உள்ள வரணும். நீ எப்படி இருக்கியோ அப்படி." சரி அக்கா, சரி அக்கா என்றான். அவ்வளவு சீக்கிரம் சரி சொன்னபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஞாயிறு மாலை பூங்கொத்தும் சாக்லேட் தட்டுமாகப் போனோம். லிஃப்ட் இல்லாத கட்டடம், மேல்மாடி. கதவைத் திறந்ததும் ரெம்ஸி சட்டென்று குனிந்து ஷூவைக் கழற்றினான். நிமிர்ந்தான். நான் எதிர்பார்த்த அளவுக்கு இறங்கவில்லை. பாதியளவுதான் இறங்கியிருந்தான். கீழே பார்த்தேன். பாவி, கார்க் கட்டையை சாக்ஸுக்குள் வைத்துத் தைத்துக்கொண்டு வந்திருக்கிறான்!

நெஸ்ரினின் அம்மா சாதெத் விருந்தாளிச் செருப்பை எடுத்து வைத்தாள். அந்தக் குதிகாலோடு அவன் கால் செருப்பில் எப்படி நிற்கும்? விரலால் கவ்விக்கொண்டு நடந்தான். வழவழப்பான மரத்தரையில் வாத்து நடக்கிற மாதிரி. பெரியவர்கள் கையை முத்தமிட்டு நெற்றியில் ஒற்றிக்கொண்டபோது ஒரு செருப்பு கழன்று சோபாவுக்குக் கீழே போனது. ஹிக்மெத் ஒன்றும் பேசாமல் அதைக் காலால் திருப்பித் தள்ளினார். மாப்பிள்ளைக்குப் பதற்றம் என்று எல்லாரும் சிரித்தார்கள். நெஸ்ரினும் சிரித்தாள். தப்பித்தோம் என்று நினைத்தேன்.

அப்போது அந்தித் தொழுகைக்கான மஃரிப் பாங்கு கேட்டது.

"வாங்க, ஜமாத்தா ஒண்ணா நின்னு தொழுதுட்டு அப்புறம் பேசலாம்" என்று ருஸ்தெம் மாமா எழுந்தார். "தம்பி, ஒளு செய்யணும்னா குளியலறை அந்தப் பக்கம்."

ஒளு என்றால் தொழுகைக்கு முன்னால் கை, முகம், கால் எல்லாம் கழுவ வேண்டும். கால் கழுவ வேண்டுமென்றால் சாக்ஸைக் கழற்ற வேண்டும். ரெம்ஸி கால்களைச் சோபாவுக்குக் கீழே இழுத்துக்கொண்டான்.

"எனக்கு ஒளு இருக்கு மாமா" என்றான்.

இல்லை. எனக்குத் தெரியும். வழியில் வண்டியை நிறுத்திக் கழிப்பறைக்குப் போய்விட்டுக் கையை மட்டும் கழுவிக்கொண்டு வந்தவன் அவன். தொழாதவன் தொழாமல் இருப்பது ஒன்று. ஒளு இல்லாமல், இருக்கிறது என்று சொல்லித் தொழ நிற்பது வேறு. எங்களில் குடிகாரன்கூட அதைச் செய்யத் தயங்குவான்.

ருஸ்தெம் மாமா முன்னால் நின்றார். ரெம்ஸியும் ஹிக்மெத்தும் பின்னால் தோளோடு தோள் சேர்ந்து நின்றார்கள். பெண்கள் மூவரும் காபிக்காகச் சமையலறையில் இருந்தோம். கதவு திறந்தே இருந்தது. ருகூஉக்குக் குனிந்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. சுஜூதுக்குப் போனார்கள். தலை தரையில், ரெம்ஸியின் இரண்டு உள்ளங்கால்களும் எங்களைப் பார்த்தபடி. கறுப்பு சாக்ஸுக்குள் இரண்டு பெரிய புடைப்புகள். ஒன்று குதிகாலிலிருந்து நழுவி நடுப்பாதத்துக்கு வந்திருந்தது. எழுந்தபோது ஒரு பக்கம் சரிந்தான். ஹிக்மெத் தோள் கொடுத்துத் தாங்கிக்கொண்டார். அந்தப் புண்ணியவான் முகம் தொழும் திசையான கிப்லாவை விட்டுத் திரும்பவில்லை.

சாதெத் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நெஸ்ரின் மட்டும் பார்த்துவிட்டாள். கையில் உப்புக் கரண்டி. மாப்பிள்ளையின் காபியில் மணப்பெண் உப்பு போடுவது வழக்கம். முகம் சுளிக்காமல் குடித்தால் அவன் இவளுக்காக எதையும் தாங்குவான் என்று கணக்கு.

"அக்கா, அவர் கால்ல என்ன? கட்டியா?" என்று என் காதில் கேட்டாள். மருந்துக்கடைப் பெண் அல்லவா, மனது எங்கெங்கோ ஓடியிருக்கிறது.

"நோய் இல்லம்மா. நல்லாத்தான் இருக்கான்."

இன்னொரு முறை கூடத்தைப் பார்த்தாள். அவன் நிற்கும் உயரத்தைப் பார்த்தாள். காலைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. "ரெண்டு வருஷமா?" என்றாள். உப்புக் கரண்டியை ஜாடிக்குள் திரும்பப் போட்டு மூடினாள்.

தொழுகை முடிந்தது. ஹிக்மெத் வருஷத்துக்கு நாலு வாக்கியம் பேசுகிறவர். அன்றைக்குத் தொண்டையைக் கனைத்து, அல்லாஹ்வின் கட்டளைப்படியும் நபியின் வாக்குப்படியும் பெண்ணைக் கேட்டார். நெஸ்ரின் காபித்தட்டோடு வந்தாள். எல்லார் கண்ணும் ரெம்ஸியின் கோப்பையில். அவன் ஒரு மடக்கு குடித்தான். கண்ணை இறுக்கினான். தாடை ஏறி இறங்கியது. வீரன் மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு, கடைசிச் சொட்டு வரை குடித்து, கோப்பையைக் கவிழ்த்துக் காட்டினான். சாதெத் கை தட்டினாள். "ஆம்பளைன்னா இவன்தான்!" என்று ருஸ்தெம் மாமா தொடையில் அடித்தார். பெண்ணைத் தருகிறேன் என்றார். மோதிரம் அடுத்த வாரம் போடலாம் என்றார்.

அந்தக் காபியில் ஒரு கல் உப்பு இல்லை. நான் பக்கத்தில் நின்று பார்த்தவள். அவனுக்கு ருசியே தெரியவில்லை. உப்பு இருக்கும் என்று நினைத்து, தாங்குகிறவன் போல நடித்தான். நெஸ்ரின் தட்டைப் பிடித்தபடி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அங்கேயே அவன் காதைத் திருகவேண்டும்போல இருந்தது; அழவேண்டும்போலவும் இருந்தது.

வண்டியில் ஏறியதும் அவன் சொன்னது கல்யாணத்தைப் பற்றியல்ல. "ஒளு இல்லாம தொழுதுட்டேன் அக்கா" என்றான்.

திங்கட்கிழமை நெஸ்ரின் போனை எடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை ஒரே ஒரு செய்தி அனுப்பினாள். ரெம்ஸி அதை என் முகத்துக்கு நேரே நீட்டினான். 'காபியில் நான் உப்பு போடவில்லை' என்று இருந்தது.

"இதுக்கு என்ன அர்த்தம் அக்கா?"

"அர்த்தம் உனக்குத் தெரியும்."

படியில் உட்கார்ந்துவிட்டான். என் வாசலில் அவன் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். கொஞ்ச நேரத்தில் எழுந்தான். "நாளைக்குப் புதன்கிழமை. நான் பண்ணிக்கப் போறேன்."

"இன்னுமா? யாருக்காக? அவளுக்குத் தெரிஞ்சுபோச்சேடா!"

"பண்ணிட்டா அது பொய்யா இருக்காதுல்ல அக்கா? நான் அந்த உயரமே ஆயிட்டா, அந்த ரெண்டு வருஷமும் பொய்யா இருக்காதுல்ல?"

மருத்துவமனையில் சொந்தக்காரர் ஒருவர் கையெழுத்துப் போட வரவேண்டும் என்றார்கள். நான் போனேன். போகாமல் என்ன செய்வேன், அவனுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

புதன்கிழமை காலை. அறுவைக்கு முன்னால் விளம்பரத்துக்குப் படம் எடுக்க வேண்டும். வெள்ளைச் சுவர், அதில் அளவுகோல். ரெம்ஸி அரைக்கால் சட்டையோடு வெறுங்காலில் அதன் முன்னால் நின்றான். கதவருகே நாற்காலியில் நான். அவன் முழு உருவத்தை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சின்ன ஆள்தான். அதனால் என்ன, நன்றாக நின்றான். சும்மாவா, மனிதர்களைச் சுமந்த முதுகு.

படம் எடுக்கிறவன் காமிராவிலிருந்து தலையைத் தூக்கினான். "அண்ணே, நிமிர்ந்து நிக்காதீங்க. கொஞ்சம் தோளைத் தொங்கப் போடுங்க."

ரெம்ஸிக்குப் புரியவில்லை. "எதுக்கு?"

"இது முன்னாடி படம்ணே. நீங்க இப்படி நின்னா குள்ளமாவே தெரியமாட்டீங்க. தலையைக் குனிஞ்சுக்குங்க. முகத்தைக் கொஞ்சம் சோகமா வையுங்க. பின்னாடி படத்துல சிரிச்சுக்கலாம்."

ரெம்ஸி தோளைத் தொங்கவிடப் பார்த்தான். நிஜமாகவே முயன்றான். தோள் இறங்கவில்லை. அவ்வளவு வருஷமாக இழுத்துப் பிடித்த முதுகு, சொன்னால் உடனே வளையுமா? ஒருமுறை, இன்னொருமுறை. பையன் வந்து இரண்டு கையாலும் அவன் தோளைக் கீழே அமுக்கினான். ரெம்ஸி அந்தக் கைகளை மெதுவாக எடுத்துவிட்டான்.

"போதும் தம்பி" என்றான். "நடிச்சு நடிச்சு வாய் உப்பு கரிக்குது."

உடுப்பையும் ஷூவையும் மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டான். பேராசிரியரின் ஆட்கள் பின்னால் ஓடி வந்தார்கள். நான் நின்று அவர்களுக்குப் பதில் சொன்னேன். என் உயரத்துக்கு அப்படியாவது ஒரு பயன்.

வண்டியில் கேட்டேன், "ஆசை விட்டுப்போச்சா?"

"இல்ல அக்கா. இருக்கு. இந்த நிமிஷமும் இருக்கு. சாகுறவரைக்கும் இருக்கும்னு தோணுது." ஸ்டீரிங்கை விரலால் தட்டிக்கொண்டே இருந்தான். "ஆனா மாமாகிட்ட மொதல்ல ஒண்ணு சொல்லணும். என்கூட வாங்க."

மேல்மாடிக்கு ஏறினோம். ருஸ்தெம் மாமாதான் கதவைத் திறந்தார். முந்தின ராத்திரி மருந்துக்கடையில் இரவு முறை வேலை பார்த்துவிட்டு வந்திருந்த நெஸ்ரின் தூக்கக் கண்ணோடு பின்னால் வந்து நின்றாள். ரெம்ஸி குனிந்து ஷூவைக் கழற்றினான். அப்புறம் சாக்ஸையும் கழற்றினான். உள்ளே வந்து வெறுங்காலோடு தரையில் நின்றான்.

"ஐயோ, ஜில்லுன்னு இருக்கு, வெறுங்காலோட நிக்காதே" என்று சாதெத் செருப்பைத் தேட ஓடினாள். அவன் வேண்டாம் என்றான்.

"மாமா, ஞாயித்துக்கிழமை எனக்கு ஒளு இல்ல. இருக்குன்னு பொய் சொல்லிட்டு உங்க பின்னாடி நின்னு தொழுதேன். சாக்ஸைக் கழட்டினா இது தெரிஞ்சுடும்னு பயம்." ஷூவுக்குள்ளிருந்து கார்க் கட்டைகளை எடுத்து ரேக்கின் மேல் வைத்தான்.

ருஸ்தெம் மாமா கட்டைகளைப் பார்த்தார். அவன் காலைப் பார்த்தார். அங்கிருந்து தலை வரைக்கும் பார்த்தார். கட்டையை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தொழுகைதான் அவரைச் சுட்டது. முகம் கறுத்துவிட்டது.

"அப்போ என் பின்னால நின்னு தொழுதவன் யாரு? நான் பொண்ணு தரேன்னு சொன்னது யாருக்கு?"

ரெம்ஸி அவர் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னான். "அவரு என்னைவிடக் கொஞ்சம் உயரம் மாமா. அவரு இனிமே வரமாட்டாரு. நான்தான் வந்திருக்கேன்."

சாதெத் கையில் செருப்போடு அப்படியே நின்றாள். கீழே தெருவில் மதியத் தொழுகைக்கான லுஹர் பாங்கு தொடங்கி முடிந்தது.

"குளியலறை அந்தப் பக்கம்" என்றார் ருஸ்தெம் மாமா கடைசியில். "போய் ஒளு செய். அன்னைக்கு விட்டதையும் சேத்துத் தொழு. பொண்ணு விஷயம் அப்புறம்தான். தரேன்னு இப்போ நான் சொல்லல."

ரெம்ஸி போனான். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. வெகுநேரம் தண்ணீர் ஓடியது. கால் கழுவ அவ்வளவு நேரம் யாருக்கும் ஆகாது. ருஸ்தெம் மாமா சோபாவில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நெஸ்ரின் அலமாரியைத் திறந்து, விருந்தாளிகளுக்கு மட்டும் எடுக்கிற வெள்ளைத் துண்டை எடுத்தாள். அதை முன்கையில் போட்டுக்கொண்டு போய்க் குளியலறைக் கதவருகே நின்றாள். அப்பா நிமிர்ந்து அவளைப் பார்த்தார். வா இந்தப் பக்கம் என்று சொல்லவில்லை.